வராத மாப்பிள்ளையும் வழுக்கம்பாறையும்

நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரிக்கு டவுன் பஸ்ல போறவங்களுக்குத் தெரியும், சுசீந்திரம் தாண்டினதும் வழுக்கம்பாறைன்னு ஒரு ஸ்டாப் வரும். இறங்கிப் பாக்குற அளவுக்கு ஒண்ணும் கிடையாது. ஆனா எங்க ஊர்க்காரங்க கணக்குப்படி உலகத்துலயே பெரிய கல்யாணம் ஒண்ணு நின்னுபோனது அங்கதான். சுசீந்திரத்துல இருந்து அந்த ஊர்ச் சாமி தாணுமாலயன் மாப்பிள்ளைக் கோலத்துல கிளம்பி வர்றார், கரையில குமரி அம்மன் மாலையோட நிக்கிறா, நடுராத்திரி முகூர்த்தம், மாப்பிள்ளை வழுக்கம்பாறை வரைக்கும் வந்தாச்சு, அங்க நாரதர் சேவல் மாதிரி கூவிட்டார், அய்யோ விடிஞ்சிருச்சே முகூர்த்தம் போச்சேன்னு நினைச்சு மாப்பிள்ளை அப்படியே ரிட்டர்ன். நாரதர் ஏன் கூவினார்னா பாணாசுரனைக் கன்னிப்பொண்ணு ஒருத்தியால மட்டும்தான் கொல்ல முடியும்னு வரம், கல்யாணம் நடந்துட்டா தேவர்களுக்கு வேலை கெட்டுப்போகும். ஆக அது ஒரு திட்டம். பொண்ணுகிட்ட யாரும் முன்கூட்டி சொல்லல. எனக்கு சின்ன வயசுலயே இந்தக் கதையில உறுத்தினது சேவல் இல்ல, இதுதான்.

விருந்துக்கு வச்சிருந்த அரிசி பருப்பு எல்லாத்தையும் அவ ஆத்திரத்துல கடற்கரையில வீசிட்டா, அதுதான் குமரிக் கரையில கலர் கலரா கிடக்குற மணல்னு சொல்லுவாங்க. அந்த மணலைக் குட்டி குட்டி பாக்கெட்ல போட்டு டூரிஸ்டுகளுக்கு விப்பாங்க, எங்க வீட்டு ஷோகேஸ்லயும் ஒண்ணு இருந்துச்சு. எங்க ஆச்சிகிட்ட "அரிசி எப்படி ஆச்சி மண்ணா மாறும்"னு கேட்டா, "உலையில போடாத அரிசி பின்ன என்ன ஆகும் மக்ளே"ன்னு சொல்லிட்டு வேலையப் பாக்கப் போயிருவா.

இந்தப் பொண்ணு நிக்க ஆரம்பிச்சு எவ்ளோ நாளாச்சுன்னு யோசிச்சா தலை சுத்தும். கி.பி. முதல் நூற்றாண்டுல பேர் தெரியாத ஒரு கிரேக்க வணிகன் எழுதின பெரிப்ளஸ்ங்கிற கடல்வழிக் குறிப்புலயே குமரி வருது. மிளகு எங்க கிடைக்கும் முத்து எங்க கிடைக்கும்னு எழுதிட்டு வந்த மனுஷன், இங்க வந்ததும், இந்தக் கரையில ஒரு தேவி குளிச்சு வாழ்ந்தான்னு சொல்றாங்க, அதனால கல்யாணம் வேண்டாம்னு முடிவெடுத்த ஆம்பளைகளும் பொம்பளைகளும் இங்க வந்து குளிச்சு இங்கயே தங்கிடுறாங்கன்னு எழுதிட்டுப் போறான். அவன் குறிப்புல சேவலும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. கல்யாணம் வேண்டாம்னு சொன்னவங்க கூடுற இடம், அவ்ளோதான். வராத மாப்பிள்ளையை இவ வாழ்க்கையில கொண்டாந்து செருகினது பின்னால வந்தவங்க வேலையோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஒரு பொண்ணு தனியா நின்னா அவ யாருக்கோ காத்திருக்காள்னுதானே நாம எப்பவும் கதை கட்டுறோம்.

அந்த மணல் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா அதுல நிஜமாவே ஒரு கல்யாண சம்பந்தம் இருக்கு, ஆச்சிக்கே தெரியாத சம்பந்தம். குமரியில இருந்து மேற்கால கடலோரமாவே போனா மணவாளக்குறிச்சின்னு ஒரு ஊர். மணவாளன்னா மாப்பிள்ளை, பேரு எப்படி வந்துச்சுங்கிறதுக்குள்ள நான் போகல. இந்தக் கரையில கறுப்பா கிடக்குறது இல்மனைட், செவப்பா கிடக்குறது கார்னெட், அப்புறம் சிர்கான், ரூட்டைல், மஞ்சளும் பழுப்புமா மோனசைட். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைங்க லட்சக்கணக்கான வருஷமா வெயில் மழையில தேஞ்சு ஆத்துல உருண்டு கடலுக்கு வந்து, அலை அதைப் புடைச்சு, லேசான மணலை இழுத்துக்கிட்டுப் போயிட்டு கனமானதைக் கரையில விட்டுட்டுப் போகுது. கரையில அது வரிவரியா கலர் பிரிஞ்சு கிடக்கும்.

1909-ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன் கெமிஸ்ட், திருவிதாங்கூர்ல இருந்து போன கயித்துல ஒட்டிக்கிட்டிருந்த மணல்ல மோனசைட் இருக்குறதைக் கண்டுபிடிச்சார். ஜெர்மன்காரனுக்கு அது எதுக்குன்னா, மோனசைட்ல தோரியம் இருக்கு, தோரியம் இருந்தாத்தான் கேஸ் லைட்டுக்கு மேண்டில் செய்ய முடியும். வலையா பின்னின துணியை தோரியம் நைட்ரேட்ல நனைச்சு, கூட துளி சீரியம் சேத்து, காய வச்சு விப்பாங்க. முதல்ல கொளுத்தினதும் துணி எரிஞ்சு போயிரும், சாம்பல் மாதிரி ஒரு கூடு மட்டும் நிக்கும், சூடேறினா அதுதான் பளீர்னு வெள்ளையா எரியும். அந்த மணலைத் தேடி அவர் மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டார், முதல் உலகப்போர் வந்ததும் தொழில் இங்கிலீஷ்காரங்க கைக்குப் போச்சு, 1950-ல இந்தியன் ரேர் எர்த்ஸ்னு அரசாங்கக் கம்பெனி வந்துச்சு. அப்புறம் நம்ம நாட்டு மேண்டில் கம்பெனிகளுக்கே நம்ம மோனசைட்ல இருந்து எடுத்த தோரியம் நைட்ரேட் போச்சு. அந்தக் கரையில சாதாரணமாவே கதிர்வீச்சு மத்த இடத்தைவிட அதிகம், மணல் அள்ளுறதுக்கு மீனவ ஊர்கள்ல இன்னிக்கும் எதிர்ப்பு உண்டு, அது தனியா எழுதவேண்டிய விஷயம்.

நான் சொல்ல வந்தது இது. கரண்ட் வராத காலத்துல தமிழ்நாடு பூரா மாப்பிள்ளை அழைப்புக்கு வெளிச்சம் குடுத்தது பெட்ரோமாக்ஸ். தலையில சும்மாடு வச்சு அது மேல லைட்டை வச்சுக்கிட்டு ரெண்டு வரிசையா ஆளுங்க நடந்து வருவாங்க, நடுவுல மாப்பிள்ளை. (வெளிச்சம் தூக்கினவங்களுக்குக் கடைசிப் பந்தியிலதான் இலை போடுவாங்க, சில வீட்டுல அதுவும் கொல்லைப்புறத்துல, இதையும் சொல்லிடணும்.) இந்தக் கரையிலயும் கேரளாவுல சவராவுலயும் கிடைச்ச மோனசைட்தான் எத்தனையோ ஊர் மாப்பிள்ளைக்கு வழி காட்டியிருக்கு. கல்யாணம் நின்னுபோன பொண்ணு வீசின அரிசியில மத்தவங்க வீட்டு மாப்பிள்ளை ஊர்வலம் போயிருக்கு! மேண்டில்னதும் உங்க எல்லாருக்கும் கவுண்டமணி செந்தில்தான் ஞாபகம் வரும், எனக்கும் அப்படித்தான், அந்த காமெடி வர்ற படத்தோட பேரை ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. வைதேகி காத்திருந்தாள். அங்கயும் ஒருத்தி காத்துக்கிட்டுதான் இருக்கா.

வெளிச்சம் மட்டும் பத்தாதே, சத்தமும் வேணும்ல. எங்க பக்கம் கல்யாண வீடுன்னா முதல் நாளே ரேடியோ செட்காரர் வந்துருவார், தென்னை மரத்துல குழாய் ஸ்பீக்கரை ஏத்திக் கட்டிட்டா அந்த வீட்டுக் கல்யாணம் அடுத்த ரெண்டு கிராமத்துக்கும் சேத்துதான். விடியக்காலைல சாமி பாட்டு, அந்தோணியார் குருசடிப் பக்கம்னா மாதா பாட்டு, அப்புறம் மருமகளை வலது காலை எடுத்து வச்சு வரச்சொல்ற அந்தப் பாட்டு, அது இல்லாம ஒரு கல்யாணமும் சட்டப்படி செல்லாதுங்கிற மாதிரி திரும்பத் திரும்ப. மதுரைப் பக்கம் இன்னும் ஒரு படி மேல, யார் எவ்ளோ மொய் வச்சாங்கன்னு மைக்லயே படிப்பாங்க. ஊருக்கே தெரியணும், அதுதான் கல்யாணத்துக்கு சாட்சி. ரிஜிஸ்டர் எல்லாம் பின்னால வந்த சங்கதி.

இந்த ஊரறியச் சொல்ற வேலை நமக்கு எவ்ளோ பழசுன்னா சிலப்பதிகாரத்துல முதல் காதையிலயே வருது. கோவலனுக்கு பதினாறு, கண்ணகிக்கு பன்னெண்டு. பெத்தவங்க நாலு பேரும் சேந்து நாள் குறிக்கிறாங்க, உடனே என்ன பண்றாங்க, "யானை எருத்தத்து அணியிழையார் மேல் இரீஇ மாநகர்க்கு ஈந்தார் மணம்". நகை போட்ட பொண்ணுங்களை யானைக் கழுத்துல ஏத்தி உக்காரவச்சு புகார் நகரம் முழுக்க கல்யாண சேதி சொல்லிட்டு வரச்சொல்றாங்க. அறிவிப்பாளர்கள் பொண்ணுங்க, ஒலிபரப்பு நிலையம் யானை. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. ஆனா அதுக்கு முந்தின வரியையும் பாருங்க, மண அணி காண மகிழ்ந்தது யாருன்னா "இருபெருங் குரவரும்", அதாவது ரெண்டு பக்கப் பெத்தவங்க. பன்னெண்டு வயசுப் பொண்ணு என்ன நினைச்சாள்னு இளங்கோ அந்த இடத்துல ஒரு வார்த்தை எழுதல. அவ வாயத் திறந்து ஊரே கேக்குற மாதிரி பேச மதுரை வரைக்கும் வரவேண்டியிருந்துச்சு, அதுக்குள்ள புருஷன் உயிர் போயிருச்சு.

பொண்ணுகிட்ட கேட்ட ஒருத்தன் சங்கப்பாட்டுல இருக்கான். அகநானூறு 86, நல்லாவூர் கிழார் பாட்டு. தீ வளக்கல, புரோகிதர் இல்ல. உளுந்து போட்டுக் குழைய வேகவச்ச பொங்கல் ஒரு பக்கம் ஜனங்க சாப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, பந்தல்ல புது மணல் பரப்பி இருக்கு, விளக்கு ஏத்தியாச்சு, விடியக்காலை நல்ல நேரம், புள்ளை பெத்த பொண்ணுங்க நாலு பேர் பூவும் நெல்லும் போட்ட தண்ணியை மணப்பெண் தலையில ஊத்தி வாழ்த்துறாங்க. எங்க வீட்டுப் பக்கம் இன்னிக்கும் நலங்குக்கு சுமங்கலிகளைத்தான் எண்ணி எண்ணிக் கூப்பிடுறாங்க, விதவை அத்தை தூரத்துல நிப்பா, அந்த வழக்கம் எவ்ளோ பழசுன்னு இதுல தெரியும்போது கொஞ்சம் கஷ்டமாவும் இருக்கும். அன்னிக்கு ராத்திரி அவ புதுப்புடவைக்குள்ள முகத்தை மூடிக்கிட்டு ஒடுங்கி உக்காந்திருக்கா. அவன் கேக்குறான், "நெஞ்சம் படர்ந்தது எஞ்சாது உரை". மனசுல ஓடினதை மிச்சம் வைக்காம சொல்லுன்னு. ரெண்டாயிரம் வருஷம் முந்தி ஒரு ஆம்பளை அப்படிக் கேட்டிருக்கான்! அவ பதில் சொன்னாளான்னா, இல்ல. உள்ளுக்குள்ள சந்தோஷம், சட்டுனு தலையைக் குனிஞ்சுக்கிட்டா, அதோட பாட்டு முடிஞ்சுது. அதையும் அவன் வாயாலதான் கேக்குறோம், பின்னாடி தோழிகிட்ட சொல்ற மாதிரி. தஞ்சாவூர் கலைக்கூடத்துல திருவெண்காட்டு கல்யாணசுந்தரர் செப்புத்திருமேனி இருக்கு, சிவன் கையைப் பிடிச்சுக்கிட்டு பார்வதி லேசா தலை சாச்சு நிப்பா. அதைப் பாக்குறப்ப எனக்கு இந்தப் பாட்டுதான் ஓடும், இவ மட்டும் என்னத்த சொல்லியிருப்பா.

பார்வதி கல்யாணம்னதும் காவிரிக்கரை ஊர் பேர்களைச் சொல்லாம இருக்க முடியாது. தேரழுந்தூர்ல சிவனும் பெருமாளும் சொக்கட்டான் ஆடினப்ப அம்மன் அண்ணன் பக்கம் பேசிட்டா, கோவத்துல சிவன் பசுவாப் போன்னு சபிச்சிட்டார்னு கதை ஆரம்பிக்கும். பசு மேஞ்ச இடம், சாபம் தீந்த இடம்னு சுத்துவட்டாரத்துல ஒவ்வொரு ஊரும் ஒரு பங்கு கேக்கும். அப்புறம் கல்யாணச் சடங்குக்கு வேள்வி வளத்த ஊர் திருவேள்விக்குடி, மாப்பிள்ளையை மாமனார் எதிர்கொண்டு அழைச்ச ஊர் எதிர்கொள்பாடி, தாலி கட்டின ஊர் திருமணஞ்சேரி. மயிலாடுதுறை பக்கத்துக் குத்தாலத்தைச் சுத்தி ஒரு மத்தியானத்துக்குள்ள இத்தனையையும் பாத்துட்டு வந்துரலாம், கல்யாணப் பத்திரிக்கையில நிகழ்ச்சி நிரல் போடுற மாதிரி ஊர் பேரை வச்சிருக்காங்க. திருமணஞ்சேரிக்கு இன்னிக்கும் கல்யாணம் தள்ளிப்போற பசங்களும் பொண்ணுங்களும் மாலையோட வரிசையில உக்காந்திருப்பாங்க, கல்யாணம் ஆனதும் ஜோடியா திரும்பி வரணும். முன்னெல்லாம் பொண்ணைப் பெத்தவங்கதான் கவலையோட வருவாங்கன்னு சொல்லுவாங்க, நான் பாத்தப்ப பசங்க கூட்டம்தான் ஜாஸ்தி, முப்பத்தஞ்சு நாப்பது வயசு ஆளுங்க, பக்கத்துல அம்மா.

இது நடந்த கல்யாணம். நடக்காத கல்யாணத்துக்கும் ஊர் பேர் வச்ச கூட்டம் நாம, பண்ருட்டி பக்கம் மணம்தவிழ்ந்தபுத்தூர்னு ஒரு ஊரு இருக்கு, போர்டுலயே அப்படித்தான் இருக்கும். மணம் தவிர்ந்த புத்தூர். சுந்தரர் மாப்பிள்ளைக் கோலத்துல வந்து உக்காந்தாச்சு, முகூர்த்த நேரம், ஒரு கிழவர் பந்தலுக்குள்ள வந்து, நில்லு, உன் தாத்தா எனக்கு அடிமை ஓலை எழுதிக் குடுத்திருக்கார், நீ என் அடிமைன்னு வம்பு வளக்குறார். மாப்பிள்ளை அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழிச்சுப் போடுறார், இருந்தும் வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகுது, மூல ஓலை வருது, மாப்பிள்ளை தோத்துடுறார், கிழவர் சிவன்னு தெரியுது, "பித்தா பிறைசூடி" பொறக்குது. தமிழுக்குப் பெரிய லாபம், சந்தேகமே இல்ல. பின்னாடி சுந்தரருக்குத் திருவாரூர்ல பரவை, திருவொற்றியூர்ல சங்கிலி, ரெண்டு கல்யாணம் நடந்துச்சு, சிவனே தூது போனார்.

புத்தூர்ப் பொண்ணு? சேக்கிழார் அவளை சடங்கவி சிவாச்சாரியார் மகள்னு சொல்றார், அவ்ளோதான் அடையாளம், பேரு கிடையாது. சுந்தரரையே மனசுல நினைச்சுக்கிட்டு இருந்து சிவலோகம் போய்ச் சேந்தாள்னு சொல்லிட்டு நகந்துடுறார். நாலாயிரத்துக்கு மேல பாட்டு இருக்குற புராணத்துல இவளுக்கு அவ்ளோதான் இடம். சேக்கிழாரைக் குத்தம் சொல்ல வரல, அவராவது நினைச்சுப் பாத்து எழுதினாரே. ஆனா எனக்கு எப்பவும் அந்தப் பந்தல்ல நிக்கத் தோணும், எல்லாரும் கிழவர் பின்னாடி வேடிக்கை பாக்கத் திருவெண்ணெய்நல்லூர் கிளம்பிட்டாங்க, உள்ள ஒரு பொண்ணு அலங்காரத்தோட உக்காந்திருக்கா, யாராவது வந்து இன்னிக்குக் கல்யாணம் இல்ல நகையைக் கழட்டும்மான்னு சொல்லியிருப்பாங்கல்ல, அம்மாவா, அத்தையா. சாப்பாடு எல்லாம் என்ன பண்ணியிருப்பாங்க.

ஆச்சாள்புரத்துல இன்னொரு தினுசு. அதுக்குப் பழைய பேர் நல்லூர்ப் பெருமணம், ஞானசம்பந்தர் கல்யாணம். தாலி கட்டி முடிஞ்சதும் கோயில்ல ஜோதி தெரியுது, "காதலாகிக் கசிந்து" பாடி மாப்பிள்ளை பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போயிடுறார், கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் பின்னாலயே. இங்க பொண்ணை விட்டுட்டுப் போகல, அதுவரைக்கும் சரி.

இப்ப டிவிக்கு வர்றேன். நான் கல்யாணம் பண்ணிப் போனது மதுரைக்கு, அங்க சித்திரையில மீனாட்சி திருக்கல்யாணத்தன்னிக்கு அத்தை டிவி முன்னாடி மனை போட்டு உக்காந்துருவாங்க, தாம்பாளத்துல மஞ்சள் கயிறு, குங்குமம், பூ. கோயில்ல மேளம் உச்சத்துக்குப் போய் மாங்கல்யதாரணம் நடக்குற அதே நிமிஷம் இங்க வீட்டுல தாலிக்கயிறு மாத்திக்கணும். விளம்பரம் நடுவுல வந்துரக்கூடாதேன்னு ஒரு பதட்டம் இருக்கும் பாருங்க. ஆடி வீதியில இடம் கிடைச்சவங்க பந்தலுக்குள்ளயே மாத்திப்பாங்க, மத்தவங்களுக்கு டிவிதான் கோயில், அதுக்கு முந்தி ரேடியோவுல வர்ணனை. 2020-ல லாக்டவுன்ல மே 4-ம் தேதி பக்தர்களே இல்லாம நாலஞ்சு பட்டர்கள் மட்டும் நின்னு கல்யாணத்தை நடத்தினாங்க, ஊரே போன்லயும் டிவியிலயும் பாத்துச்சு. அன்னிக்கு அத்தை டேப்லெட்டுக்கு மஞ்சள் குங்குமம் வச்சாங்க, நான் சிரிக்கல. அந்த வருஷம் அழகர் ஆத்துல இறங்கல. வழக்கமா தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டா வந்து கோவிச்சுக்கிட்டு வைகையோட திரும்பிப்போற அண்ணன், அந்த வருஷம் கிளம்பவே இல்ல.

சாமி கல்யாணத்துல நமக்கு ஒரு குறையும் தெரியல, மனுஷக் கல்யாணம் டிவிக்கு வந்ததும்தான் வேடிக்கை. ஞாயித்துக்கிழமை காலைல கல்யாணமாலை ஓடாத வீடு ஒரு காலத்துல கிடையாது. கல்யாண வயசுல புள்ளை இல்லாதவங்கதான் ரொம்ப கவனமா பாப்பாங்க. அந்தப் பையனுக்கு இவ்ளோ சம்பளமா, இந்தப் பொண்ணு எம்.எஸ். படிச்சிருக்காமேன்னு இட்லி சாப்பிட்டுக்கிட்டே பேசலாம். பெத்தவங்க பக்கத்துல நிக்க, நட்சத்திரம் படிப்பு வேலை எதிர்பார்ப்பு எல்லாம் வரிசையா வரும். நான் அதுல விரும்பிப் பாத்தது ஒண்ணுதான், அப்பா பேசி முடிச்சதும் மைக் பொண்ணு கைக்குப் போற அந்த நொடி. சில பொண்ணுங்க அப்பா சொன்னதையே திருப்பிச் சொல்லும். எப்பயாவது ஒண்ணு, எனக்கு வேலைய விடச் சொல்லாதவரா இருக்கணும்னு நறுக்குனு சொல்லும், அன்னிக்கு எங்க வீட்டுல அத்தைக்கும் எனக்கும் பட்டிமன்றம்தான்.

2018-ல கலர்ஸ் தமிழ் ஆரம்பிச்ச புதுசுல எங்க வீட்டு மாப்பிள்ளைன்னு ஒரு ஷோ வந்துச்சே ஞாபகம் இருக்கா. நடிகர் ஆர்யா மாப்பிள்ளை, பதினாறு பொண்ணுங்க போட்டி, வாரா வாரம் ஒவ்வொருத்தரா வெளிய. ஏப்ரல்ல கடைசி எபிசோட், மூணு பேர் மணப்பெண் அலங்காரத்துல, ஊரே உக்காந்து பாத்துச்சு, மாப்பிள்ளை மேடையில வந்து ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தா மத்த ரெண்டு பேர் மனசு கஷ்டப்படும்னு சொல்லி யாரையும் தேர்ந்தெடுக்கல. அடுத்த வருஷம் அவருக்கு வேற இடத்துல கல்யாணம் நடந்துச்சு, அது அவங்க சொந்த விஷயம், நல்லா இருக்கட்டும். நான் சொல்றது அந்த மேடையைப் பத்தி. பட்டு கட்டி, நகை போட்டு, லைட்டு வச்சு, ஊரையே கூட்டி, கடைசி நிமிஷத்துல முகூர்த்தம் இல்லன்னு சொல்றது நமக்குப் புதுசா என்ன? வழுக்கம்பாறையும் புத்தூரும் ஒரே மேடையில. மறுநாள் எல்லாரும் திட்டினது மாப்பிள்ளையை, கேலி பண்ணது பொண்ணுங்களை. சேனலை யாரும் ஒண்ணும் பெரிசா சொல்லல, நாரதருக்கு எப்பவுமே தண்டனை கிடையாது.

இத்தனைக்கும் நடுவுல தன் கல்யாணத்தைத் தானே ஒலிபரப்பின ஒரே பொண்ணு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ஆண்டாள். வாரணமாயிரத்துல பத்துப் பாட்டுல பத்துத் தடவை "கனாக் கண்டேன் தோழீ நான்". நான், நான், நான். அதுல இல்லாத விஷயம் இல்ல, ஆயிரம் யானையோட மாப்பிள்ளை ஊர்வலம், வாசல்ல பூரண பொற்குடம், தோரணம், கமுகுப் பந்தல், இந்திரன் தேவர் எல்லாம் வந்து பொண்ணு கேட்டுப் பேசி முடிக்கிறது, மத்தளம், சங்கு, கைப்பிடிக்கிறது, தீவலம், அம்மி மிதிக்கிறது, பொரி போடுறது, கடைசில மஞ்சனம். வீடியோகிராபர் கூட ஏதாவது ஒண்ணை விட்டுருவார், இவ விடல. மானிடவர்க்கென்று பேச்சு எழுந்தாலே வாழமாட்டேன்னு வேற ஒரு பாட்டுல சொன்னவ, ஆக ஊர் பேசறதுக்கு முன்னாடி இவளே பேசிட்டா.

அதுல மூணாவது பாட்டைக் கொஞ்சம் நிறுத்திப் படிங்க. "மந்திரக் கோடி உடுத்தி மணமாலை அந்தரி சூட்டக் கனாக் கண்டேன்". புதுப்புடவை உடுத்திவிட்டு மாலை சூட்டுறவ அந்தரி, அதாவது துர்க்கை. கண்ணனுக்குத் தங்கச்சி முறை, அதனால ஆண்டாளுக்கு நாத்தனார், நாத்தனார்தானே கூறைப்புடவை கட்டிவிடணும். அந்த துர்க்கையைத்தான் எங்க ஊர்க் கரையில குமரின்னு கும்பிடுறோம். தன் கல்யாணம் நின்னுபோனவ கையால இவ மாலை வாங்கிக்கிறா! எங்க வீட்டு சுமங்கலிக் கணக்குல இவளை நலங்குக்குக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க, ஆண்டாள் கூப்பிட்டுருக்கா. வைணவ வீட்டுக் கல்யாணத்துல மாலை மாத்துறப்ப எல்லாரும் சேந்து இதைப் பாடுவாங்க, பாடுறவங்க முக்காவாசி பேர் இந்த வரியில பொரிதேங்காய் உருட்டுறதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க.

குமரி மாவட்டத்துல நின்னுபோன கல்யாணம் மட்டும்தான் இருக்குன்னு நினைச்சுராதீங்க, தக்கலை பக்கம் வேளிமலை அடிவாரத்துல குமாரகோவில் இருக்கு, முருகன் வள்ளியைக் கட்டினது இங்கதான்னு ஊர் சொல்லும். மேல வள்ளி குகை உண்டு. இந்த மலையில இருந்து வர்ற ஆத்துக்குப் பேரே வள்ளியாறு, அது கடல்ல போய்ச் சேர்றது கடியப்பட்டணம் மணவாளக்குறிச்சிப் பக்கம். வள்ளி ஊர்ல இருந்து மலை மண்ணை அரிச்சு எடுத்துக்கிட்டு மணவாளன் பேர் இருக்குற கரையில போய்க் கொட்டுது, இதை யாரும் யோசிச்சு வச்ச மாதிரி தெரியல, தானா அமைஞ்சிருக்கு. பங்குனியில இங்க திருக்கல்யாணம். முருகன் வள்ளியோட மலையில இருந்து இறங்கி வர்றப்ப எங்க பொண்ணை எப்படிடா கூட்டிட்டுப் போவன்னு குறவர் கூட்டம் வழி மறிச்சு சண்டை போடும், குறவர் படுகளம்னு பேரு. பொண்ணு வீட்டுக்காரங்க சண்டை போட்டுத் தோத்துப் போறதையும் திருவிழாவுல சேத்து வச்சிருக்காங்க பாருங்க, அது எனக்குப் பிடிக்கும். வள்ளி யாருக்காகவும் கரையில நிக்கல, தினைப்புனத்துல கிழவன் வேஷத்துல வந்தவனைக் கவண் வீசுற கையாலயே விரட்டிப் பாத்தவ, அப்புறம் பிடிச்சுப்போய் கூடக் கிளம்பினவ. அடுத்த பங்குனிக்குப் போறதா இருந்தா காலைலயே போயிருங்க, வெயில் ஏறினா மலைப்படியில கால் வைக்க முடியாது, கீழ இறங்கி வர்ற வழியில நல்ல நுங்கு கிடைக்கும்.